பம்ப் ஆயில் ரப்பர் பால் நிறமானால்: ஆயில் மாற்றமா, பாலாஸ்டா, டிராப்பா, டிரை பம்பா?

குமரி மாவட்டத்தில் இடவப்பாதி (ஜூன் மழை) பிடித்து இரண்டு வாரம் ஆவதற்குள், வேக்குவம் ஃபர்னஸில் (காற்றை எடுத்துவிட்டு உலோகத்தைச் சூடாக்கும் உலை) காற்றை இழுக்கும் ரோட்டரி பம்பின் ஆயில், சைட் கிளாஸ் என்ற கண்ணாடி ஜன்னலில் வெளுத்துத் தெரியத் தொடங்கும். முதலில் மோர்த் தெளிவு போல இருக்கும். கவனிக்காமல் ஓட்டினால் குலசேகரம் பக்கம் சிரட்டையில் வடிந்து நிற்கும் ரப்பர் பாலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. 20 நிமிடத்தில் 0.1 மில்லிபாருக்கு (வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1,000 மில்லிபார்) இறங்கிய ஃபர்னஸ் 50 நிமிடம் எடுக்கும். இன்னும் ஆழமான வேக்குவம் எடுக்கும் டிஃப்யூஷன் பம்புக்கு மாற முடியாமல் லோடு உள்ளேயே கிடக்கும்.

இந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். ஆயில் ஏஜென்ட் விலை கூடின சிந்தெடிக் ஆயிலுக்கு மாறச் சொல்வார். ஃபில்டர் விற்பவர் ஃபில்டர் வண்டி வாங்கச் சொல்வார். பம்ப் கம்பெனிக்காரர் ஆயில் இல்லாமல் இழுக்கும் டிரை ஸ்குரூ பம்புக்குக் கொட்டேஷன் நீட்டுவார். மெக்கானிக் பம்பைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்பார். நான்குமே சரியான மருந்துதான், நோய் அதுவாக இருந்தால். ஆயிலில் கலந்திருப்பது தண்ணீரா, மெழுகா, கட்டிங் ஆயிலா, கரித்தூளா என்று தெரியாமல் எதற்கும் காசு போடக்கூடாது.

கீழே வரும் கணக்குகளுக்கு ஒரு நடுத்தர அமைப்பை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 2 கன மீட்டர் உள்ள சேம்பர், 30 லிட்டர் ஆயில் பிடிக்கும் ரோட்டரி பிஸ்டன் பம்ப், அதன் இழுவையைக் கூட்ட மேலே ரூட்ஸ் பூஸ்டர், பக்கத்தில் டிஃப்யூஷன் பம்ப். வேலை ஹார்டனிங் (எஃகைக் கடினமாக்குவது), பிரேஸிங் (நிரப்பு உலோகத்தை உருக்கி ஒட்டுவது), கொஞ்சம் சின்டரிங் (உலோகத் தூளைச் சுட்டு இறுக்குவது).

முதலில் பாட்டில், பிறகு பர்ஸ்

பம்ப் ஓடும்போதே சாம்பிள் காக்கிலிருந்து 100 மில்லி ஆயிலைத் தெளிவான கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். வெறும் காற்றுக் குமிழியால் வெளுத்திருந்தால் அரை மணி நேரத்துக்குள் அடியிலிருந்து மேலாகத் தெளிந்து வரும். தண்ணீர் என்றால் அப்படித் தெளியாது. மறுநாள் காலையில் பாட்டிலின் அடியில் தனிக் கோடாகத் தண்ணீர் நிற்கும். ஒரு நாள் முழுக்க வைத்தும் பிரியாமல் பாலாகவே இருந்தால் யாரோ டாப்-அப் செய்யும்போது என்ஜின் ஆயிலையோ ஹைட்ராலிக் ஆயிலையோ ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் இருக்கும் சேர்மானங்கள், முக்கியமாக டிடர்ஜென்ட், தண்ணீரையும் எண்ணெயையும் பிரிய விடாது.

இரண்டாவது, சூட்டுத் தகடு. மின்சாரத் தட்டை 150 முதல் 160 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று வெடித்தால் ஆயிலில் குத்துமதிப்பாக 0.1 சதவீதமோ அதற்கு மேலோ தண்ணீர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். ஆயிலில் தின்னர் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். அளவு துல்லியமாக வேண்டுமென்றால் லேபில் கார்ல் ஃபிஷர் முறையில் தண்ணீரையும், 40 டிகிரியில் விஸ்காசிட்டியையும், அமில எண்ணையும் கேளுங்கள். விஸ்காசிட்டி புது ஆயிலிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த ஆயில் முடிந்தது.

மூக்கும் விரலும் மீதியைச் சொல்லும். ஆயில் நீர்த்து, மண்ணெண்ணெய் வாடை அடித்து, மட்டமும் ஏறியிருந்தால் ஜாபோடு (ஃபர்னஸில் வைக்கும் உதிரிபாகம்) வந்த கட்டிங் ஆயில் அல்லது கழுவிய சால்வென்ட். கறுத்து விரலில் நறநறத்தால் ஃபர்னஸின் வெப்பக் காப்பான கிராஃபைட் ஃபெல்ட்டின் தூளோ எரிந்த ஆயிலின் கரியோ. தார் போலக் கெட்டியாகி, வால்வில் ஒட்டினால், உலோகத் தூளைப் பிடித்துவைக்கச் சேர்க்கும் பைண்டர் மெழுகு. வெள்ளி மினுக்கம் தெரிந்தால் இரண்டில் ஒன்று. பம்பின் உள்பாகம் தேய்கிறது, அல்லது பித்தளையோ ஸிங்க் பூச்சுள்ள போல்ட்டோ லோடோடு உள்ளே போயிருக்கிறது. ஸிங்க் 490 டிகிரிக்குள்ளேயே 1 மில்லிபார் ஆவியழுத்தம் காட்டும். கேட்மியம் இன்னும் 100 டிகிரி முன்னாலேயே கிளம்பிவிடும். ஒரே ஒரு பூச்சுள்ள வாஷர் போதும், ஃபர்னஸின் சூடான உள்பகுதியான ஹாட் ஸோன் முழுக்கப் படியவைக்க.

தண்ணீர் என்று உறுதியானால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: அது காற்றிலிருந்து வந்த ஈரமா, ஆயில் கூலரில் ஓட்டையா? சாயங்காலம் பம்பை நிறுத்தியபின், கூலிங் தண்ணீரை ஓடவிட்டபடியே சைட் கிளாஸில் மார்க்கரால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் கூலர் கசிகிறது. கூலரைக் கழற்றி, அதன் மேல் பொறித்திருக்கும் அழுத்த வரம்புக்குள் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கடலோரத்தில் உப்பேறிய போர்வெல் தண்ணீரை நேரடியாக கூலிங்குக்கு விடும் இடங்களில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கூலர் ஓட்டையை வைத்துக்கொண்டு கீழே சொல்லும் எதைச் செய்தாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

ஆயில் மாற்றிக்கொண்டே இருப்பது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். தவறில்லை. ஆனால் பெரும்பாலும் அரைகுறையாகச் செய்கிறார்கள். பம்ப் ஆறின பிறகு வடித்தால் அழுக்கும் தண்ணீரும் அடியிலும் மூலைகளிலும் தங்கிவிடும். ஓடி நின்ற சூட்டோடு வடிக்க வேண்டும். அப்படி வடித்தாலும் வால்வு அறை, பைப், செபரேட்டர் என்று சுமார் 15 சதவீதம் பழைய ஆயில் உள்ளே நிற்கிறது என்று வையுங்கள். புது ஆயிலை நேராக ஊற்றினால் அதில் 15 சதவீதம் பழையதுதான். ஒருமுறை குறைந்தபட்ச மட்டம் வரை ஃப்ளஷ் ஆயில் ஊற்றி, இன்லெட்டை மூடி 15 நிமிடம் ஓட்டி, வடித்துவிட்டுப் பிறகு நிரப்பினால் பழையது மூன்று நான்கு சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஃப்ளஷ் செய்ய டீசலும் மண்ணெண்ணெயும் ஆகாது. தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், எச்சம் வாரக்கணக்கில் ஆவியாகி வேக்குவத்தைக் கெடுப்பது மறுபுறம்.

ஆயில் விஸ்காசிட்டி கிரேடு 100 அளவில், டிடர்ஜென்ட் இல்லாத, வேக்குவம் பம்புக்கென்றே வடித்த மினரல் ஆயில் பெரும்பாலான பிஸ்டன் பம்புகளுக்குப் பொருந்தும். பம்பின் கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. சிந்தெடிக் ஆயில் சூட்டையும் ஆக்ஸிஜனேற்றத்தையும் நன்றாகத் தாங்கும். தண்ணீரை அது தடுக்காது. ஈரத்தால் வெளுக்கிற பம்பில் 300 ரூபாய் ஆயிலும் வெளுக்கும், 1,000 ரூபாய் ஆயிலும் வெளுக்கும்.

செலவைப் பார்ப்போம். லிட்டர் 350 ரூபாய் என்று வைத்தால் 30 லிட்டருக்கு 10,500. ஃப்ளஷுக்கு இன்னொரு 15 லிட்டர், 5,250. ஒரு மாற்றத்துக்கு 15,750. மழைக் காலத்தில் மாதம் இரண்டு தடவை மாற்றினால் மாதம் 31,500. நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டு சீசன் இருப்பதால் இது வருஷத்தில் ஐந்தாறு மாதத்துச் செலவு.

பழைய ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொடுத்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அது விதிமீறல். பயன்படுத்திய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்க வேண்டும், வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. அடிக்கடி ஆயில் மாற்றுவதன் மறைமுகச் செலவில் இதுவும் சேரும்.

காசில்லாமல் கையிலேயே இருப்பது: பாலாஸ்டும் சூடும்

கேஸ் பாலாஸ்ட் வால்வு பம்பில் ஏற்கெனவே இருக்கிறது. 1935-இல் வுல்ஃப்காங் கேட என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த உத்தி. நீராவியை உறிஞ்சிய பம்ப் அதை வெளியே தள்ள, காற்றழுத்தத்துக்குச் சற்று மேலே வரை அமுக்க வேண்டும். அமுக்கும்போது நீராவி அந்தச் சூட்டில் தாங்கும் அழுத்தத்தைத் தாண்டினால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் முன்பே தண்ணீராகி ஆயிலில் விழுந்துவிடும். அமுக்கும் கட்டத்திலேயே கொஞ்சம் வெளிக்காற்றைக் கலந்துவிட்டால், நீராவி குளிர்ந்து விழும் முன்பே வால்வு திறந்து ஆவியாகவே போய்விடும்.

இதில் பலரும் விடும் பிழை சூட்டில்தான். நீராவி தாங்கும் அழுத்தம் 40 டிகிரியில் 74 மில்லிபார், 60-இல் 199, 80-இல் 474. பாலாஸ்ட் காற்று பம்பின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்றும், மழை நாளில் 30 டிகிரி 80 சதவீத ஈரத்தில் அந்தக் காற்றே 34 மில்லிபார் நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், பம்ப் 40 டிகிரியில் இருக்கும்போது இன்லெட்டில் 4 மில்லிபார் நீராவி வரைதான் தாங்கும். 60 டிகிரியில் 19 மில்லிபார். 80 டிகிரியில் 76. இது ஏட்டுக் கணக்குதான். நிஜப் பம்பில் கூடக் குறைய வரும். ஆனால் 40-க்கும் 60-க்கும் நடுவில் தாங்கும் அளவு ஐந்து மடங்கு ஏறுவதைப் பாருங்கள்.

கூலிங் தண்ணீர் வால்வை முழுக்கத் திறந்துவைத்து, "பம்ப் ஜில்லென்று ஓடுகிறது" என்று சந்தோஷப்படும் ஆபரேட்டர்தான் மழைக் காலத்தில் ஆயிலைப் பாலாக்குகிறார். ஆயில் 60 முதல் 70 டிகிரியில் நிற்கும்படி தண்ணீரைக் குறைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வு போட்டுவிட்டால் மறந்துவிடலாம். 80-க்கு மேலே போக விடாதீர்கள், மினரல் ஆயில் கறுக்கத் தொடங்கும். ஒரு எளிய டயல் தெர்மாமீட்டரை ஆயில் சம்ப்பில் செருகிவைத்தால் போதும்.

நடைமுறை இது. காலையில் பம்பை ஓட்டும் முன் ட்ரெய்ன் வால்வை மெதுவாகத் திறந்து, இரவில் அடியில் தங்கின தண்ணீரை ஆயில் வரும்வரை வடித்துவிடுங்கள். இன்லெட்டை மூடி, பாலாஸ்டைத் திறந்து, ஆயில் 60 டிகிரி ஏறும்வரை ஓட்டுங்கள், சுமார் அரை மணி. அதே பாலாஸ்ட் திறப்போடு சேம்பரை இழுத்து, 1 அல்லது 2 மில்லிபாருக்கு இறங்கியபின் பாலாஸ்டை மூடுங்கள். மூடாவிட்டால் அதற்குக் கீழே இறங்காது. "பாலாஸ்ட் போட்டால் வேக்குவம் வராது" என்ற புகார் இந்தக் கடைசிப் படி தெரியாததால் வருவது. வேலை முடிந்தபின் இன்லெட்டை மூடி, பாலாஸ்டைத் திறந்து இன்னொரு மணி நேரம். ஏற்கெனவே பாலாகிவிட்ட ஆயில் என்றால் இரண்டு முதல் நான்கு மணி நேரம் இப்படி ஓட்டிப் பாருங்கள். ஈரம் மட்டும்தான் காரணம் என்றால் சைட் கிளாஸ் கண்ணெதிரே தெளியும். தெளியவில்லை என்றால் கூலர் ஓட்டை, அல்லது வேறு சரக்கு.

அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு 11 கிலோவாட் மோட்டார் 7 யூனிட் எடுக்கிறது, யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 63 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 1,575. ஆயில் மாற்றத்துக்கான 31,500-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாலாஸ்ட் திறந்தால் சத்தம் கூடும், எக்ஸாஸ்டில் ஆயில் புகை கூடும், ஆயில் மட்டம் வேகமாக இறங்கும். அந்தப் புகையைப் பிடிக்கும் மிஸ்ட் எலிமினேட்டரின் எலிமென்ட் அடைத்தால் பின்னழுத்தம் ஏறி, நீராவி திரும்பவும் உள்ளேயே தண்ணீராகும். கரித்தூளையும் மெழுகையும் பாலாஸ்ட் தொடவே தொடாது.

தண்ணீர் வரும் வழிகள்

மேலே சொன்ன சேம்பரில், மழை நாளில் கதவை மூடும்போது உள்ளே அடைபடும் காற்றில் மட்டும் 50 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். அதில் பெரும்பகுதி முதல் நிமிடங்களிலேயே காற்றோடு போய்விடும். சிக்கல் பண்ணுவது சுவரிலும் கிராஃபைட் ஃபெல்ட்டிலும் ஒட்டிக்கொண்ட ஈரமும், ஜாபில் தங்கின தண்ணீரும். 5 மில்லிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் ஆழம் உள்ள ஒரு குருட்டுத் துளையில் 0.3 மில்லி தண்ணீர் நிற்கும். இருநூறு ஜாபுக்கு 60 மில்லி. 1 மில்லி தண்ணீர் 1 மில்லிபாரில் சுமார் 1,400 லிட்டர் ஆவியாக விரியும். கழுவிய ஜாபை 120 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் காயவைப்பது எந்தப் புது ஆயிலையும் விட மலிவு.

சேம்பர் சுவர் வியர்ப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் பனிநிலை 26 டிகிரிக்குச் சற்று மேலே. சில்லர் தண்ணீர் 20 டிகிரியில் ஜாக்கெட்டில் ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறந்துவைத்து லோடு அடுக்கினால், சொம்பில் ஐஸ் தண்ணீர் வைத்தது போல உள்சுவர் முத்துமுத்தாக வியர்க்கும். கதவு திறக்கும் முன் ஜாக்கெட் தண்ணீரை 30 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். காற்றை விடாமல் உலர்ந்த நைட்ரஜனால் நிரப்பித் திறங்கள். இரவில் கதவை மூடி, வேக்குவத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

எக்ஸாஸ்ட் பைப் இன்னொன்று. பம்பிலிருந்து நேரே மேலே ஏறி, கூரைத் தகட்டைத் துளைத்து வெளியே போகும் பைப்பில் ஆவி குளிர்ந்து, அதே பைப் வழியாகத் தண்ணீராக பம்புக்கே திரும்பி இறங்கும். நிமிர்ந்த பைப்பின் காலடியில் வடிகாக்கோடு ஒரு கேட்ச் பாட் இருக்க வேண்டும். படுத்த பைப் பம்பை விட்டு விலகும் பக்கம் சரிந்திருக்க வேண்டும். வெளி முனை கீழ்நோக்கி வளைந்து, சாரல் அடிக்கும் மேற்குத் திசைக்கு முதுகு காட்ட வேண்டும். ஐநூறு ரூபாய் எல்போ ஒன்று இல்லாமல் மாதா மாதம் ஆயில் மாற்றுகிற இடங்கள் உண்டு.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றடிக்கும் தோவாளைப் பக்கமும், மழை கொட்டும் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமும் ஈரத்தில் ஒன்றல்ல. ஒரே பராமரிப்பு அட்டவணையை இரண்டுக்கும் ஒட்டவைக்க வேண்டாம்.

டிராப்: மெழுகுக்கு மருந்து, தண்ணீருக்கு அல்ல

சின்டரிங், பேஸ்ட் பிரேஸிங் செய்பவர்களுக்கு எதிரி பைண்டர். அவர்கள் பாலாஸ்டை எவ்வளவு திறந்தாலும் ஆயில் கெட்டியாகிக்கொண்டேதான் போகும். பம்புக்கு முன்னால், சேம்பரிலிருந்து வரும் பைப்பான ரஃபிங் லைனில், ஸ்டெயின்லெஸ் மெஷ் அடைத்த குளிர் டிராப் ஒன்றைச் சில்லர் தண்ணீரில் ஓட்டினால் மெழுகின் பெரும்பகுதி அங்கேயே உறைந்துவிடும். ஃபர்னஸிலிருந்து டிராப் வரையிலான பைப்பை ஹீட்டிங் டேப் சுற்றிச் சூடாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிராப்புக்கு வரும் முன்பே பைப்பே டிராப் ஆகிவிடும். டிராப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கேஜ் வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் ஏறினால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

இதே டிராப் ஈரத்தையும் பிடிக்கும் என்று விற்பார்கள். 10 டிகிரித் தண்ணீர் ஓடும் டிராப்பில் நீராவி 12 மில்லிபாருக்கு மேலே இருந்தால்தான் தண்ணீராகும். அதற்குக் கீழே நேராகத் தாண்டிப் போய்விடும். 1 மில்லிபாரில் நீராவியைப் பிடிக்க டிராப் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

தூளுக்கு 5 மைக்ரான் பாலியெஸ்டர் கார்ட்ரிட்ஜ் உள்ள இன்லெட் ஃபில்டர் சரி. ஆனால் 1 மில்லிபாருக்குக் கீழே அது பம்பின் இழுவையைக் குறைக்கும். சின்னதாக வாங்கிப் பிறகு வருந்த வேண்டாம், லைன் அளவை விட ஒரு சைஸ் பெரியது போடுங்கள்.

ஃபில்டர் வண்டி

சம்ப்பிலிருந்து ஆயிலை இழுத்து, 5 மைக்ரான் எலிமென்டில் வடித்துத் திரும்ப விடும் அமைப்பு. கரித்தூள், கிராஃபைட் என்றால் நன்றாக வேலை செய்யும், ஆயிலின் ஆயுள் நீளும். தண்ணீர் உறிஞ்சும் எலிமென்ட் தனியாக உண்டு. அதன் வயிறு சில நூறு மில்லிதான், தினமும் 60 மில்லி தண்ணீர் குடிக்கும் பம்பில் ஒரு வாரத்தில் நிரம்பிவிடும். கரைந்துபோன கட்டிங் ஆயிலையும் சால்வென்ட்டையும் எந்த ஃபில்டரும் பிரிக்காது. இரண்டு மூன்று பம்ப் வைத்திருப்பவர் ஒரு வண்டியைச் சுற்றில் விடலாம். ஒற்றைப் பம்புக்காரருக்கு, தூள்தான் பிரச்சினை என்று பாட்டில் சொல்லாதவரை, அவசியமில்லை.

டிரை ஸ்குரூ பம்ப்

இழுக்கும் அறையில் ஆயிலே இல்லை. உள்ளே 100 டிகிரிக்கு மேலே சூடாக ஓடுவதால் நீராவி ஆவியாகவே வெளியேறும். ஈரத்துக்கு இதைவிட நிம்மதியான பதில் கிடையாது. அதே இழுவைக்கு விலை ஆயில் பம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு என்பது எல்லோருக்கும் தெரியும். கொட்டேஷனில் தெரியாமல் ஒளிந்திருப்பவைதான் பேச வேண்டியவை.

முதலாவது நைட்ரஜன். ஷாஃப்ட் ஸீலுக்கு நிமிடம் 20 லிட்டர் பர்ஜ் (விடாமல் ஊதும் நைட்ரஜன்) கேட்கும் பம்ப் என்றால் மணிக்கு 1.2 கன மீட்டர். 7 கன மீட்டர் சிலிண்டர் ஆறு மணி நேரம்கூட வராது. இரண்டு ஷிஃப்டுக்கு மூன்று சிலிண்டர். ஜாபைச் சட்டென்று ஆறவைக்கும் குவென்ச்சுக்கு ஏற்கெனவே திரவ நைட்ரஜன் டேங்க் வைத்திருப்பவருக்கு இது பொருட்டல்ல. சிலிண்டரை நம்பி இருப்பவருக்கு டிரை பம்ப் கட்டுபடியாகாது.

இரண்டாவது மெழுகு. ரோட்டர்களுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பைண்டர் அங்கே படிந்து, கரண்ட் போய் பம்ப் ஆறினால், ரோட்டர் இறுகிவிடும். ஆயில் பம்பில் ஆயிலை வடித்துத் தப்பிக்கலாம், இதில் பிரித்தாக வேண்டும். பிரிக்கத் தெரிந்த ஆள் பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோதான் இருப்பார். நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர். ஃபர்னஸ் அதுவரை நிற்கும். ஆயில் பிஸ்டன் பம்பை நல்ல உள்ளூர் மெக்கானிக் வால்வு, ஸீல் மாற்றி இரண்டு நாளில் ஓட்டிவிடுவார்.

மூன்றாவது உப்புக் காற்று. நிறுத்தும் முன் 15 நிமிடம் நைட்ரஜனால் பர்ஜ் செய்யாவிட்டால், ஆறும்போது உள்ளே ஈரம் படிந்து ரோட்டர் துருப்பிடிக்கும். கடலோரத்தில் ஒரு வாரம் நின்ற பம்பு திரும்பச் சுற்றாமல் போக இதுவே போதும்.

நான்காவதைப் பலர் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள்: டிரை பம்ப் போட்டாலும் டிஃப்யூஷன் பம்பில் ஆயில் இருக்கத்தான் செய்கிறது. ஜாபின் மேல் வானவில் நிறத்தில் ஆயில் படலம் படிகிறது, அதனால் டிரை பம்ப் என்றால், முதலில் படலம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆயில் ரோட்டரி பம்பை 0.1 மில்லிபாருக்குக் கீழே தனியாக நீண்ட நேரம் இழுக்கவிட்டால் ஆயில் ஆவி எதிர்த்து ஏறும். 0.1 அருகிலேயே டிஃப்யூஷனுக்கு மாறிவிட்டால் அது பெரிதும் குறையும். மாறின பிறகும் படலம் வந்தால் டிஃப்யூஷன் பம்பின் மேலே ஆயில் ஆவியைத் தடுக்கும் பேஃபிளுக்குக் குளிர் தண்ணீர் சரியாகப் போகிறதா, ஹீட்டர் ஏறும் முன்பே ஹை-வேக்குவம் வால்வைத் திறக்கிறார்களா, டிஃப்யூஷன் பம்பிலிருந்து ரோட்டரிக்குப் போகும் ஃபோர்லைனின் அழுத்தம் பம்பின் வரம்பைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அடி வேக்குவம் (எட்டும் மிகக் குறைந்த அழுத்தம்) முன்பு 10-இன் மைனஸ் 5 அடுக்கில் நின்றது இப்போது மைனஸ் 4-லேயே நின்றால், ரோட்டரி ஆயில் ஃபோர்லைன் வழியாகப் போய் டிஃப்யூஷன் பம்பின் 704 அல்லது 705 சிலிக்கோன் ஆயிலில் கலந்திருக்கலாம். சூடான டிஃப்யூஷன் பம்பைக் காற்றுக்குத் திறக்கவே கூடாது. ஹைட்ரோகார்பன் ஆயில் என்றால் தீயும் வெடிப்பும், சிலிக்கோன் என்றால் ஆயில் கெட்டுப்போவது.

எதை யார் எடுப்பது

ஹார்டனிங், டெம்பரிங் மட்டும் செய்து, ஜாபைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்துப் போடும் ஒற்றை ஃபர்னஸ்காரருக்கு டிரை பம்ப் தேவையில்லை. எக்ஸாஸ்ட் பைப்பைத் திருத்தி, தெர்மோஸ்டாட் வால்வு போட்டு, பாலாஸ்ட் ஒழுங்கைச் சுவரில் ஒட்டிவைத்தால் இரண்டு மழையையும் தாண்டலாம். பாலாஸ்டை மறக்கும் ஆபரேட்டர் என்றால் சோலனாய்ட் வால்வும் டைமரும் வையுங்கள்.

பைண்டர் வேலை செய்பவர் டிராப்பில் முதலீடு செய்ய வேண்டும், பம்பு எதுவானாலும். டிராப் இல்லாமல் டிரை பம்ப் வாங்குவது பைண்டர்காரருக்கு இருப்பதிலேயே மோசமான தேர்வு.

இரண்டு ஷிஃப்ட், திரவ நைட்ரஜன் டேங்க், மென்தண்ணீர் மூடிய கூலிங் சுற்று, ஆயில் படிந்தால் ஜாபையே திருப்பியனுப்பும் வாடிக்கையாளர் என்று நான்கும் இருப்பவருக்கு டிரை பம்ப் சரி. மகேந்திரகிரி போன்ற இடத்து விண்வெளி வேலைக்குத் தரச் சான்று கேட்கும் ஆர்டர் கைக்கு வந்தபின் அந்தக் கணக்கைத் திறக்கலாம்.

பழைய பம்பைப் பிரிப்பதா என்பதற்கு ஒரு சோதனை போதும். நல்ல ஆயில் ஊற்றி, சூடேற்றி, இன்லெட்டைப் பிளைண்ட் ஃபிளாஞ்சால் அடைத்துவிட்டு அடி வேக்குவம் பாருங்கள். கையேட்டில் சொன்ன எண்ணுக்கு அருகில் வந்தால் பம்பு நல்லது, குறை ஃபர்னஸ் பக்கம். அப்போது சேம்பரை மூடி அழுத்த ஏற்றத்தை அளந்து பாருங்கள். மணிக்கு 10 மைக்ரானுக்குள் (இங்கே அழுத்த அலகு, சுமார் 0.013 மில்லிபார்) இருப்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஏற்றம் நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் ஓட்டை, வளைந்து சமநிலைக்கு வந்தால் உள்ளே ஈரம்.

எந்தத் தேர்வானாலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பம்பின் இன்லெட்டில், கரண்ட் போனவுடன் ஸ்பிரிங்கால் தானே மூடும் வால்வும், பம்பை மட்டும் காற்றுக்குத் திறக்கும் சிறு வென்ட் வால்வும். இது இல்லாத ஆயில் பம்பில் இரவு கரண்ட் போனால், சேம்பரின் வேக்குவம் சம்ப்பிலிருந்த 30 லிட்டரை பைப் வழியே மேலே இழுத்து பூஸ்டருக்குள் கொட்டும். காலையில் சைட் கிளாஸ் காலியாக இருப்பதைப் பார்த்து ஆயில் கசிந்துவிட்டதென்று தரையைத் தேடாதீர்கள், பூஸ்டரின் ட்ரெய்ன் பிளக்கைத் திறந்து பாருங்கள்.